கேமரா வாங்கும் முன் முகம் தெரியாதவர்களிடம் யோசனை கேட்பது: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மன்னார்குடியில் இருக்கிறேன். வடுவூர் ஏரியிலும் கொடியக்கரையிலும் பறவைகளைப் படமெடுப்பேன். சொந்தத்தில் காதுகுத்து, வளைகாப்பு என்றால் கேமராவோடு போய்விடுவேன். என் முதல் கேமராவை இணையத்தில் முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் கேட்டுத்தான் வாங்கினேன். இப்போது என்னிடம் கேட்கிறார்கள். கும்பகோணம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், பட்டுக்கோட்டை என்று நம் பக்கத்திலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விலை எதையும் எழுதவில்லை. அது வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

முன்பின் தெரியாதவர்களைக் கேட்டு இவ்வளவு பணம் போட்டுப் பொருள் வாங்கலாமா?

கேட்கலாம். நம் ஊர்க் கடைகளில் கண்ணாடிக்குள் இருப்பது இரண்டு மூன்று மாடல்தான். கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் சொல்வார், அதில் தப்பு இல்லை. ஆனால் நீங்கள் வாங்க நினைக்கும் அதே லென்ஸை ஐந்து வருடம் வைத்திருந்து, மழையில் நனைத்து, கீழே போட்டு, பழுது பார்த்த ஒருவர் கோயம்புத்தூரிலோ கொழும்பிலோ இருப்பார். அவர் அனுபவம் உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. எவ்வளவு பெரிய உதவி அது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அவருக்குக் கேமரா தெரியும், உங்கள் ஊர் தெரியாது. ஐப்பசியில் நம் வீட்டுச் சுவர் எப்படி ஊறிப்போய் இருக்கும், கோயில் மண்டபத்துக்குள் எவ்வளவு இருட்டு, ஏரிக்கரையிலிருந்து பறவை எவ்வளவு தூரம், இதெல்லாம் நீங்கள் சொன்னால்தான் அவருக்குப் புரியும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதும் இதுதான்: கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் உங்கள் ஊரையும் உங்கள் வேலையையும் சொல்லுங்கள்.

"40 ஆயிரத்துக்கு நல்ல கேமரா எது?" என்று கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யாரை நம்புவது?

அவர்கள் மேல் குறை இல்லை, கேள்வி பாதியில் நிற்கிறது. நெல்லுக்கு எந்த உரம் நல்லது என்று ஒரு விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். குறுவையா சம்பாவா, என்ன ரகம், களிமண்ணா மணலா, நட்டு எத்தனை நாள் ஆச்சு என்று நாலு கேள்வி திருப்பிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். கேமராவும் அப்படித்தான்.

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார்: "அண்ணே, 40 ஆயிரத்துக்குள்ள நல்ல கேமரா சொல்லுங்க. வீடியோவும் நல்லா வரணும்." நான் எதுவும் சொல்லவில்லை, எதற்கு என்று மட்டும் கேட்டேன். நாலைந்து தடவை எழுதிக்கொண்ட பிறகு அவருடைய கேள்வி இப்படி மாறியது:

"மொத்தம் 40 ஆயிரம். பை, கார்டு எல்லாம் இதற்குள்தான். வடுவூர் ஏரிக்கு வாரம் ஒருமுறை காலையில் போவேன், பறவைகள்தான் முக்கியம். வீட்டு விசேஷங்களில் கொஞ்சம் எடுப்பேன். வீடியோ எப்போதாவதுதான். கையில் ஃபோன் மட்டும் இருக்கிறது, பழைய லென்ஸ் எதுவும் கிடையாது. பழைய கேமரா வாங்கத் தயார், ஆனால் திருச்சிக்குள் நேரில் பார்த்துத்தான் வாங்குவேன். 1 கிலோவுக்கு மேல் தூக்கத் தயங்கவில்லை. படங்களை ஃபோனில் காட்டுவதோடு சரி, பெரிதாகப் பிரிண்ட் போடும் எண்ணம் இல்லை."

இதை அவர் திரும்பவும் பொதுவில் போட்டபோது முன்பு வந்த பதினைந்து சிபாரிசுகள் மூன்றாகக் குறைந்தன. அந்த மூன்றில் எதை வாங்கியிருந்தாலும் அவருக்கு நஷ்டம் இல்லை.

கேள்வியில் கட்டாயம் இருக்க வேண்டியது என்ன?

மேலே உள்ள தம்பியின் கேள்வியையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். அதில் பலர் விட்டுவிடும் இரண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, பணம் மொத்தத்துக்குமா, பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு, மட்டுமா என்பது. 40 ஆயிரம் என்று எழுதினால் பதில் சொல்கிறவர் 39 ஆயிரத்துக்கு ஒரு கேமராவைச் சொல்லிவிடுவார். மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, பை, ஈரம் புகாத டப்பா, எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டாவது லென்ஸ், இதற்கெல்லாம் பணம் எங்கே? என் கணக்கில் பாடிக்குப் பாதிக்கு மேல் போகக் கூடாது. பாடி நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் பதினைந்து வருடம் உழைக்கும்.

இரண்டாவது, உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது. இதை நான் எழுதாமல் விட்டுப் பணத்தை இழந்திருக்கிறேன். என்னிடம் அப்போது நிகானின் ஆரம்பநிலை பாடி ஒன்று இருந்தது. "50 மி.மீ. லென்ஸில் மலிவாக எது நல்லது?" என்று மட்டும் கேட்டேன். நான்கு பேர் 50 மி.மீ. எஃப் 1.8டி என்று சொன்னார்கள். (மி.மீ. எண் பெரிதானால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும், சிறிதானால் அகலமாகக் காட்டும். எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகமாக உள்ளே வரும்.) அது அருமையான லென்ஸ்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கி மாட்டினால் தானாக ஃபோகஸ் ஆகவில்லை. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். நிகானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் அந்த மோட்டார் இல்லை, டி7000 வரிசையில் உண்டு. 1.8ஜி என்று முடியும் லென்ஸை வாங்கியிருக்க வேண்டும், அதற்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. பதில் சொன்ன நால்வரும் தப்பாகச் சொல்லவில்லை. என் பாடி என்ன என்று நான்தான் சொல்லவில்லை. அந்த லென்ஸை வாங்கிய விலைக்குக் கீழே விற்க வேண்டியதாயிற்று. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கோயில்களைப் படமெடுக்க ஆசை. எல்லோரும் "ட்ரைபாட் வாங்கு" என்கிறார்கள். வாங்கட்டுமா?

வெளியூர்க்காரர் சொல்லும் யோசனை நம் ஊரில் செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றும் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பவை. அங்கே கையில் வைத்து எடுப்பது வேறு, ட்ரைபாட் விரிப்பது வேறு. ட்ரைபாட் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கருவறையை எங்குமே எடுக்கக் கூடாது. மற்றக் கோயில்களில் கேமராவை உள்ளே விடுவார்களா என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்குப் பிறகு பல கோயில்களில் கெடுபிடி கூடியிருக்கிறது.

அதனால் உங்கள் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "ட்ரைபாடும் ஃபிளாஷும் இல்லாமல், இருட்டான கல் மண்டபத்தில், கையில் வைத்து எடுக்க வேண்டும்." இப்படிக் கேட்டால் பேச்சு பாடியிலிருந்து லென்ஸுக்குத் திரும்பும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் 50 மி.மீ. பக்கம் போகும்போது எஃப் 5.6 அளவுக்குத்தான் வாய் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து வைக்க வேண்டிய இடத்தில் இதில் நூறில் ஒரு பங்கு போதும். கல் தூண் அசையாது, கையாட்டத்தைத் தாங்கும் வசதி லென்ஸில் இருந்தால் கிட் லென்ஸிலேயே எடுத்துவிடலாம். ஆனால் வீதியுலாவில் நாகஸ்வரக்காரரின் விரலையும் தவில்காரரின் கையையும் தீவட்டி வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்றால் அந்தப் பத்து மடங்குதான் கைகொடுக்கும்.

கோபுரம், விமானம் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கோயில் விமானம் 216 அடி என்றாலும் பின்னால் நடக்கப் புல்வெளி இருக்கிறது, கிட் லென்ஸின் 18 மி.மீ. போதும். கும்பகோணத்துத் தெருக்களில் பின்னால் போக இடம் இருக்காது. அங்கே 10 அல்லது 12 மி.மீ. லென்ஸைத் தேட வேண்டியிருக்கும்.

வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கொடியக்கரை போய்ப் பறவை எடுக்க என்ன கேட்க வேண்டும்?

தூரத்தைச் சொல்லிக் கேளுங்கள். "பறவைக்கு எது நல்லது" என்றால் கென்யாவுக்குப் போகிறவரும் பதில் சொல்வார், வீட்டுத் தோட்டத்துச் சிட்டுக்குருவியை எடுப்பவரும் பதில் சொல்வார். வடுவூரில் கரையோரக் கருவேல மரங்களில் உட்கார்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் ஒரு தூரம். நடு ஏரியில் மிதக்கும் ஊசிவால் வாத்து வேறு தூரம். முதலாவதற்கு 55-250 அல்லது 70-300 வகை லென்ஸ் ஆரம்பத்துக்குப் போதும். சென்சார் என்பது கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சில்லு. ஆரம்பநிலைக் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சாரில் 300 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சாரில் 450 மி.மீ. காட்டும் அளவுக்குச் சமம். கேனானில் 480. நடு ஏரிக்கு அது போதாது.

இந்த இடத்தில் யாராவது நிகான் பி950 அல்லது பி1000 என்று சொல்வார்கள். லென்ஸ் கழற்ற முடியாத, பெரிய ஜூம் கேமராக்கள் இவை. முதலாவதில் 2000 மி.மீ. வரையும் இரண்டாவதில் 3000 மி.மீ. வரையும் போகும். எண்ணைப் பார்த்தால் ஆச்சரியம்தான். அடையாளம் காண்பதற்கும் எண்ணிக்கை எடுப்பதற்கும் நல்ல பொருள், நானே சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் ஃபோன் அளவுதான். வெயில் ஏறிய பிறகு நன்றாக எடுக்கும். பறவை கூட்டுக்குத் திரும்பும் அந்தி வெளிச்சத்தில் படம் பிசிறடிக்கும். பறக்கும் பறவையைப் பின்தொடர்வதும் சிரமம்.

கொடியக்கரைக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இது எந்த ஊர் நிபுணரும் தானாகச் சொல்லமாட்டார். உப்பளங்களுக்கும் சதுப்புக்கும் மேலே காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் கானல் ஆடும். அந்தப் பக்கம் நிற்கும் பூநாரைக் கூட்டத்தை எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸில் எடுத்தாலும் படம் தண்ணீருக்கடியில் எடுத்ததுபோல நெளியும். பலர் லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்து மாற்றியிருக்கிறார்கள். லென்ஸை மாற்றாதீர்கள். விடியற்காலையில் போங்கள்.

பதில் சொல்பவர்களில் யாருடைய பேச்சுக்கு அதிக மதிப்பு கொடுக்கலாம்?

உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்பவருக்கு முதலிடம். அடுத்து, தன் கேமராவின் குறையையும் சேர்த்துச் சொல்பவர். "இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன், ஃபோகஸ் நன்றாக இருக்கிறது, பேட்டரி ஒரு கல்யாணத்துக்குப் போதாது" என்று எழுதுகிறவர் உண்மையிலேயே அதைக் கையில் வைத்திருக்கிறார். முடிந்தால் அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். நீங்கள் எடுக்க நினைக்கும் வகைப் படம் அவரிடம் இருக்கிறதா? தெருவில் மனிதர்களை அற்புதமாக எடுப்பவர் பறவை லென்ஸ் பற்றிச் சொல்வதும் கேள்விப்பட்டதாகத்தான் இருக்கும்.

எத்தனை பேர் சொன்னார்கள் என்ற கணக்கு வேண்டாம். எது அதிகம் விற்கிறதோ அதை வைத்திருப்பவர்கள் அதிகம், அதனால் அந்தப் பெயர் அதிகம் வரும். அவ்வளவுதான். தான் வாங்கியதை அடுத்தவரும் வாங்கினால் மனசுக்கு ஒரு நிம்மதி. இது எல்லோரிடமும் உள்ளது, என்னிடமும் உண்டு. வாங்கும் இணைப்போடு வரும் சிபாரிசில் சொல்பவருக்குக் கமிஷன் இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். கமிஷன் வாங்குவதாலேயே அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் இணைப்பு இல்லாத இன்னொருவரிடமும் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் சொல்லும் விலையும் மாடலும் இங்கே கிடைப்பதில்லையே?

கிடைக்காது. இங்கே கேமராவுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்கு மேல் இறக்குமதிச் செலவு. அங்கே கம்பெனியே பழுது பார்த்து விற்கும் கேமராக்கள் சாதாரணமாகக் கிடைக்கும், இங்கே அப்படி இல்லை. "வாங்கிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள்" என்பதும் அங்கே உள்ள பழக்கம். நம்மிடம் பிரித்த பெட்டியைப் பெரும்பாலும் திருப்பி எடுக்கமாட்டார்கள், பழுதிருந்தால் மாற்றித் தருவதோடு சரி. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மாமா வாங்கி வருவார் என்றால், அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கம்பெனியிடம் எழுதிக் கேட்டுக்கொண்ட பிறகு பணம் அனுப்புங்கள். லென்ஸுக்கும் பாடிக்கும் வேறு வேறு விதி இருக்கலாம்.

ஆக, மாடல் பெயரை அவர்களிடம் கேட்காதீர்கள். "இந்த வேலைக்கு லென்ஸில் எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். அந்தப் பதில் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

டிஎஸ்எல்ஆர் செத்துவிட்டது, மிரர்லெஸ்தான் வாங்க வேண்டும் என்கிறார்களே?

டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் காட்சியைக் கண்ணுக்குக் காட்ட உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும், மிரர்லெஸ்ஸில் அது இல்லை. 2020-க்குப் பிறகு கேனானும் நிகானும் புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் கொண்டுவரவில்லை, அது உண்மை. இரண்டு கம்பெனிகளும் 2018-இல் புது மிரர்லெஸ் மவுண்டுக்கு (லென்ஸ் மாட்டும் அமைப்பு) மாறின, கேனானில் ஆர்எஃப், நிகானில் இசட். டிஎஸ்எல்ஆருக்கு உள்ள கேனானின் இஎஃப் மவுண்ட் 1987-இலிருந்தும் நிகானின் எஃப் மவுண்ட் 1959-இலிருந்தும் இருப்பவை. அத்தனை வருட லென்ஸ்களும் இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தையில் மலிவாக வந்துகொண்டிருக்கின்றன. கையில் பணம் குறைவு, படமெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் இன்னமும் நல்ல வழி. புதிதாகவே வாங்கப் போகிறீர்கள், வீடியோவும் முக்கியம் என்றால் மிரர்லெஸ்.

எத்தனை மெகாபிக்ஸல் வேண்டும்?

24 போதும். 12-க்கு 18 அங்குல கல்யாண ஆல்பம் பக்கத்தைத் துல்லியமாகப் பிரிண்ட் போட 20-க்குச் சற்றுக் குறைவாகவே தேவை. இதை யாரிடமும் கேட்டு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டால் நீளமான பட்டியல் தருகிறார்கள்.

பட்டியல் நல்லதுதான், ஆனால் நம் ஊரில் விற்பனைக்கு வரும் பாடிகளில் பாதி கல்யாண ஸ்டுடியோவில் உழைத்தவை. அதை மனதில் வைத்துப் பாருங்கள். ஒரு கல்யாணத்தில் 2000 படம் சாதாரணமாகப் போகும், 50 கல்யாணத்தில் 1 லட்சம். ஆரம்பநிலைப் பாடிகளின் ஷட்டருக்கு, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரைக்கு, பொதுவாகச் சொல்லப்படும் ஆயுளே அவ்வளவுதான். அதைத் தாண்டியும் ஓடலாம், ஆனால் விலையில் அது தெரிய வேண்டும். நிகானில் எடுத்த படக் கோப்புக்குள்ளேயே ஷட்டர் எண்ணிக்கை பதிவாகியிருக்கும். ஒரு படத்தை எடுத்து, திருத்தாமல் அப்படியே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கேனானின் ஆரம்பநிலை மாடல்களில் அப்படிப் பதிவாகாது, கணினியில் தனி மென்பொருள் போட்டுத்தான் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்தத் தகவல் அழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

நேரில் போகும்போது எஃப் 16-இல் வைத்து வானத்தை ஒரு படம் எடுங்கள். சென்சாரில் அழுக்கு இருந்தால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல, வேர்போல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. அந்த லென்ஸ் வேண்டாம், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறதா, லென்ஸ் மாட்டும் இடத்தில் உலோகத் தொடுபுள்ளிகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றில் இருந்த கேமராக்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். திருகாணித் தலைகளில் துரு இருந்தாலும் உள்ளே உப்பு போயிருக்கிறது என்று அர்த்தம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எத்தனையோ வீடுகளில் கூரை போய் எல்லாம் நனைந்தது. அதற்கு முந்தைய கேமரா என்றால் நனைந்ததா என்று தயங்காமல் கேளுங்கள்.

கடைசியாக, பில். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் திருட்டுப் பொருளாக இருக்க வாய்ப்புண்டு, அந்தச் சிக்கல் உங்கள் தலையில் விழும்.

யோசனை கேட்டதும் ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பி, "என்னிடம் அதே கேமரா இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன்" என்கிறார்.

பதில் போடாதீர்கள். நீங்கள் பட்ஜெட்டைப் பொதுவில் எழுதியிருக்கிறீர்கள், அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார். ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, கூரியரில் அனுப்புகிறேன், முன்பணம் மட்டும் போடுங்கள் என்பது பழைய கதை. இன்னொன்று, நீங்கள் விற்கும்போது நடப்பது: பணம் அனுப்பியிருக்கிறேன், யுபிஐ பின் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் எண் கேட்கிறார்கள் என்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப் போகிறது. ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. கடையோடு தகராறு என்றால் அது வேறு, நுகர்வோர் உதவி எண் 1915.

லென்ஸில் பூஞ்சை வரும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

நம் ஊரில் உண்மை. ராஜஸ்தானில் இருப்பவர் "பத்து வருடமாக அலமாரியில்தான் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று நேர்மையாகத்தான் சொல்வார். அவர் ஊர்க் காற்று வேறு. இங்கே ஜூன் 12 மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, வயலெல்லாம் நீர் நின்று, அப்புறம் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் மார்கழி வரை காற்றில் ஈரம் குறைவதே இல்லை. 60 சதவீதத்துக்கு மேல் ஈரம் தொடர்ந்து நின்றால் பூஞ்சை வளர ஆரம்பிக்கும். ஒரு ஐப்பசியில் நான் பறவை லென்ஸைத் தோல் பையோடு மர பீரோவில் வைத்துவிட்டு, கால் முறிந்து இரண்டு மாதம் எடுக்காமல் இருந்தேன். தையில் எடுத்தபோது உள்கண்ணாடியில் வெள்ளை வேர்கள். சுத்தம் செய்து தந்தார்கள், ஆனால் கண்ணாடியின் பூச்சு அரித்துப்போயிருந்தது. சூரியனுக்கு எதிரே எடுத்தால் இன்றைக்கும் மங்கலாகத்தான் வரும்.

செய்ய வேண்டியது எளிது. அடுக்களையில் பருப்பு போட்டு வைக்கும், ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத பெரிய டப்பா ஒன்று. அதற்குள் நிறம் மாறும் சிலிகா ஜெல். ஈரம் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றும் போட்டுவிடுங்கள். 40-இலிருந்து 50-க்குள் காட்டினால் நல்லது. ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடியும் உதவும், ஆனால் சமைக்கும் வாணலி வேண்டாம், இதற்கென்று பழையது ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு மூன்று லென்ஸ் சேர்ந்த பிறகு மின்சாரத்தில் ஓடும் டிரை கேபினெட் வாங்கலாம். தோல் பையில் வைக்காதீர்கள். அந்துருண்டை போட்ட பீரோவும் வேண்டாம். எல்லாவற்றையும்விட நல்லது, வாரம் ஒருமுறை எடுத்துப் பயன்படுத்துவது.

இணையத்தில் கேட்பதைவிட உள்ளூர் ஸ்டுடியோ அண்ணனிடம் கேட்டால் என்ன?

இரண்டும் வேண்டும். நம் ஊர் வெளிச்சம், நம் ஊர்க் கல்யாண மண்டபம், பழுதானால் யார் பார்ப்பார், திருச்சியா சென்னையா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் வைகாசியிலும் தையிலும் போய் நின்றால் அவரால் நின்று பேசக்கூட முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் போங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், கேமராக்கள் எல்லாம் அலமாரியில் இருக்கும். "அண்ணே, ஒரு நாளைக்கு வாடகைக்குக் கொடுங்க, எடுத்துப் பார்த்துட்டுத் தர்றேன்" என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார். இணையத்தில் ஐம்பது பதில் படிப்பதைவிட, ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்கரையில் ஒரு நாள் அந்தக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்கு நிறையத் தெரிந்துவிடும். கை வலிக்கிறதா, பட்டன்கள் விரலுக்கு எட்டுகின்றனவா, கூட்டத்தில் எடுக்கக் கூச்சமாக இருக்கிறதா, இதையெல்லாம் வேறு யாரும் சொல்ல முடியாது.

ஃபோனே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?

பல சமயம் சரி. குழந்தைகள், சாப்பாடு, பயணம், அறுவடை வயல், அந்தி வானம் இதற்கெல்லாம் இன்றைய ஃபோன் போதும். ஃபோனில் இரவுப் படம் நன்றாக வருவது எப்படி என்றால், பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத பொருளுக்கு அது அருமை, அசையும் ஆளுக்கு அது உதவாது. தூரத்துப் பறவைக்கும் உதவாது. உங்கள் ஃபோனில் எடுத்ததில் பிடிக்காத பத்துப் படங்களைத் தனியாக எடுத்து வைத்து, ஏன் பிடிக்கவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். பத்தில் எட்டு "தூரம்" என்றோ "இருட்டில் அசைந்துவிட்டது" என்றோ வந்தால் கேமரா வாங்குங்கள். அந்தப் பத்துப் படத்தையும் கேள்வியோடு சேர்த்துப் போட்டால் பதில் சொல்பவர்களுக்கும் வேலை சுலபம்.

தமிழில் கேட்பதா, ஆங்கிலத்திலா?

என்ன வாங்குவது என்பதைத் தமிழில், நம் ஆட்களிடம். குறிப்பிட்ட மாடலில் குறிப்பிட்ட கோளாறு என்றால் ஆங்கிலத்தில், அங்கே அந்த மாடல் வைத்திருப்பவர்கள் அதிகம்.

"இதைக்கூடத் தேடிப் பார்க்கத் தெரியாதா" என்று ஒருவர் திட்டிவிட்டார். அதற்குப் பிறகு கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

தயங்க வேண்டாம். தெரியாததைக் கேட்பதில் அவமானம் இல்லை. நீங்கள் என்ன தேடினீர்கள், எந்த இரண்டு மாடல் வரைக்கும் வந்திருக்கிறீர்கள், எங்கே குழப்பம் என்று இரண்டு வரி எழுதினால் அந்த மாதிரிப் பேச்சு பெரும்பாலும் வராது. வந்தாலும் அவருக்குப் பதில் எழுதாதீர்கள், நல்லபடியாகச் சொன்னவர்களுக்கு எழுதுங்கள். எனக்கு முதன்முதலில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் ஈரோட்டில் ஏதோ மில்லில் வேலை பார்த்தார். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு எனக்கு எழுதினார். இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

வாங்கியாகிவிட்டது. திரும்பப் போய்ச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். வாங்கிய அன்று ஒரு நன்றி, மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று நாலு வரி. பலர் வாங்கியதும் காணாமல் போய்விடுகிறார்கள், பதில் சொன்னவருக்குத் தன் யோசனை சரியா தப்பா என்று தெரியாமலே போகிறது. நீடாமங்கலத்துத் தம்பி பழைய கேனான் பாடியும் 55-250 லென்ஸும் வாங்கினார். மாசி மாதம் எழுதினார்: கருவேல மரத்து நத்தைகுத்தி நாரைக்கு 250 போதும், நடு ஏரி வாத்துக்குப் போதவில்லை, காலை ஏழரைக்கு மேல் வெளிச்சம் நேர் எதிரே வந்துவிடுகிறது, அதனால் அடுத்த கரைக்குப் போய்விட வேண்டும் என்று. போன வாரம் ஒரத்தநாட்டிலிருந்து ஒரு அக்கா வடுவூருக்கு என்ன லென்ஸ் என்று கேட்டார்கள். தம்பி எழுதியதைத்தான் அப்படியே எடுத்து அனுப்பினேன்.